பட்டத்துக்கு உரியவர் யார்? மிகுபுனைவு நாவலில் அரசரை உருவாக்கும் வழி

காவிய மிகுபுனைவு (எபிக் ஃபேன்டசி) எழுத உட்காருபவர்கள் முதலில் வரைபடம் போடுகிறார்கள். அடுத்து மந்திரத்துக்கு விதி எழுதுகிறார்கள். அரசர் என்று வரும்போது மட்டும் 'இவன்தான் உண்மையான வாரிசு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாவல் பாதியில் நொண்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான்.

வாரிசுரிமையை ஒரு வழக்காக நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கென்றால் எதிர்த்தரப்பு வேண்டும், சாட்சி வேண்டும், தீர்ப்புச் சொல்ல ஓர் இடம் வேண்டும். அதில் ஜெயித்தவர் ஒழுங்காக ஆள்வாரா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டால், அதாவது உரிமை உள்ளவர் நல்லவர், இல்லாதவர் கெட்டவர் என்று ஆக்கிவிட்டால், பத்தாவது பக்கத்திலேயே வாசகர் முடிவைச் சொல்லிவிடுவார்.

முதலில் இரண்டு மனு

முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இரண்டு மனு எழுதுங்கள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம். நாவலில் இவை வராது. ஒன்று உங்கள் நாயகர் பட்டம் கேட்டு எழுதுவது, இன்னொன்று அவருடைய பங்காளி எழுதுவது. இரண்டிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தச் சட்டப்படி கேட்கிறார், இதற்குமுன் அப்படி யாருக்குக் கிடைத்தது, சாட்சி யார், கையில் என்ன ஆதாரம். பங்காளியின் மனுவை மட்டும் கதை தெரியாத நண்பரிடம் கொடுங்கள். 'இவர் சொல்வதும் நியாயம்தானே' என்று அவர் சொல்லாவிட்டால் அதைத் திருப்பி எழுதுங்கள். எதிர்த்தரப்பு வலுவில்லாத வழக்கை ஐந்நூறு பக்கத்துக்கு இழுக்க முடியாது.

சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. மூத்த மகனுக்கு, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கு, அண்ணனுக்குப் பின் தம்பிக்கு, திருவிதாங்கூர் போல மருமக்கள் வழியில் சகோதரி மகனுக்கு, அரச குடும்பத்துக்குள் தேர்தல் வைத்து, போன அரசர் கைகாட்டியவருக்கு என்று உலகில் எல்லாம் நடந்திருக்கிறது. இவற்றில் ஒன்றை நாட்டின் சட்டமாக வையுங்கள். இன்னொன்றை ஏதோ ஒரு மாகாணத்தில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய வழக்கமாக வையுங்கள். சண்டை அந்த இரண்டுக்கும் நடுவில் தானாகப் பிறக்கும்.

சோழர் வரலாற்றில் இதற்குக் கைவசம் ஒரு மாதிரி உண்டு. கண்டராதித்தர் இறந்தபோது அவர் மகன் உத்தமன் சிறுபிள்ளை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயனுக்குப் போய், அங்கிருந்து அவர் மகன் சுந்தர சோழனுக்கு வந்தது. சுந்தர சோழனுக்குப் பிறகு யார்? வளர்ந்து ஆளாகிவிட்ட உத்தமனா, ஆண்டுகொண்டிருந்தவரின் மகன் அருள்மொழியா? மக்கள் அருள்மொழியை வேண்டினார்கள், சிற்றப்பன் உத்தமனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாமென்று அவர் இருந்துவிட்டார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. உத்தமன் ஆண்டு முடிந்த பிறகு, 985இல்தான் அவர் ராஜராஜனாகப் பட்டம் ஏறினார். இதில் வில்லனே தேவையில்லை. மூத்த கிளையின் உரிமையும் ஆளுகிற கிளையின் அனுபவமும் மோதுகின்றன, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதைச் சொல்லும் செப்பேடு ராஜராஜனின் மகன் காலத்தது. ஜெயித்த கிளை எழுதிவைத்த கதை. உங்கள் நாவலிலும் பழைய ஆவணம் ஒன்றை நுழைத்தால், அதை எழுதச் சொன்னவர் யார் என்பதை உங்கள் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அடுத்து நீதிபதி. பலர் மறக்கும் இடம் இது. 1290இல் ஸ்காட்லாந்தின் குழந்தை அரசி மார்கரெட் இறந்ததும் பதின்மூன்று பேர் பட்டம் கேட்டு வந்தார்கள். தீர்ப்புச் சொல்ல இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டைக் கூப்பிட்டார்கள். 104 பேர் கொண்ட மன்றம் உட்கார்ந்தது. முக்கியப் போட்டியாளர்களான பேலியலும் புரூஸும் ஆளுக்கு 40 பேரை நியமித்தார்கள், எட்வர்ட் தரப்பில் 24 பேர். 1292 நவம்பரில் ஜான் பேலியலுக்குத் தீர்ப்பானது. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே, தன்னை ஸ்காட்லாந்தின் மேலதிகாரியாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எட்வர்ட் எழுதி வாங்கியிருந்தார். நான்கு ஆண்டுக்குள் படையோடு உள்ளே வந்தும்விட்டார். மத்தியஸ்தம் செய்ய வருபவர் கூலி வாங்காமல் போகமாட்டார். உங்கள் கதையில் அது மலைக்கோயில் பூசாரியாக இருக்கலாம், வயதான டிராகனாகவும் இருக்கலாம். கூலி என்ன என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அரகார்ன் வழக்கைப் பிரித்துப் பார்த்தால்

'காணாமல்போன அரசர் திரும்பி வருகிறார்' என்ற வகைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் டோல்கீனின் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ். அதில் திரும்பி வரும் அரசர்தான் அரகார்ன். அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் உடைந்த வாளையும் ரத்த வழியையும் எடுத்துக்கொண்டு, உள்ளே ஓடும் வழக்கை விட்டுவிடுகிறார்கள். அந்த வழக்கு பின்னிணைப்பில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

அந்த உலகத்தின் மூன்றாம் யுகம் 1944இல் கோண்டார் என்ற நாட்டின் அரசரும் இரண்டு மகன்களும் போரில் சாகிறார்கள். வடநாட்டு இளவரசர் ஆர்வெடுய் பட்டம் கேட்கிறார். அவர் பழைய அரசர் இசில்டுரின் நேர்வழி வாரிசு. இறந்த அரசரின் மகளைக் கட்டியவரும்கூட. கோண்டார் சபை மறுக்கிறது: இங்கே பட்டம் இசில்டுரின் தம்பி அனாரியன் வழிக்கு மட்டும்தான், அதுவும் மகன் வழியாகத்தான். ஆர்வெடுயின் பதில், நம் மூதாதையர் சட்டத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் மூத்த பிள்ளைக்குத்தான் பட்டம் என்பது. சபை அதற்குப் பதிலே சொல்லாமல், போரில் வென்றுவந்த அரச குடும்பத் தளபதியை அமர்த்திவிடுகிறது. 2050இல் கோண்டாரின் கடைசி அரசர் எதிரியின் சவாலை ஏற்றுப் போனவர் திரும்பவில்லை. அதிலிருந்து 969 ஆண்டுகள் அரசர் பெயரில் காவலர்கள் (ஸ்டூவர்டுகள்) ஆள்கிறார்கள்.

ஆக, ஆர்வெடுயின் வழியில் வந்த அரகார்ன் வரும்போது அவருக்கு எதிராக ஒரு பழைய தீர்ப்பே இருக்கிறது. காவலர் டெனதார் 'இவன் இசில்டுர் வழிதானே' என்று மறுப்பதற்குப் பின்னால் பொறாமை இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பிரதியெடுக்கும் நாவல்களில் டெனதார்கள் வெறும் பொறாமைக்காரர்களாக ஆகிவிடுவது இந்த ஒரு அடுக்கு விடுபடுவதால்தான்.

அந்த வழக்கு எப்படி முடிகிறது என்பதும் படிக்க வேண்டியது. அரகார்ன் வாதாடி ஜெயிக்கவில்லை. 2957 முதல் 2980 வரை தோரோங்கில் என்ற வேறு பெயரில் ரோஹானிலும் கோண்டாரிலும் படைவேலை பார்த்திருக்கிறார். பெலன்னோர் போர் முடிந்ததும் கொடியைச் சுருட்டிவிட்டு ஊருக்கு வெளியே கூடாரம் போடுகிறார். நோயாளிகளைப் பார்க்க மட்டும் உள்ளே வந்துவிட்டுப் போகிறார். முடிசூட்டும் நாளில், 'இவர் அரசராகட்டுமா?' என்று டெனதாரின் மகன் ஃபரமிர் மக்களைக் கேட்கிறார். கேட்பவர் யார் என்று பாருங்கள்: பதவியை இழக்கப்போகும் காவலர். அந்தக் காவலர் கோலை அரகார்ன் அவரிடமே திருப்பிக் கொடுத்து இத்திலியன் நாட்டையும் தருகிறார். தோற்ற தரப்புக்குக் கௌரவமான இடம் கிடைப்பதால்தான் வழக்கு உண்மையாகவே முடிகிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று. உரிமை கோருபவர் தன் உரிமையைச் சொல்லாமலே உழைத்த காலம் ஒன்றை வைத்து, அதைப் பார்த்த சாட்சிகள் குறைந்தது இருவரைப் பின்னால் கதைக்குள் கொண்டுவாருங்கள். அதில் ஒருவருக்கு அவரைப் பிடிக்காமல் இருப்பது நல்லது.

ஒளிரும் வாளை என்ன செய்வது

அரச ரத்தம் தொட்டால் ஒளிரும் வாள், அரசர் வந்தால் பூக்கும் மரம். வைக்கலாம், தப்பில்லை. ஆனால் கணக்குப் போட்டுவிட்டு வையுங்கள். மூதாதை ஒருவர் 300 ஆண்டுக்கு முன் வாழ்ந்தார், தலைமுறைக்கு 30 ஆண்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளை தங்கியது என்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர். உறவுக்குள் கட்டிக்கொண்டதைக் கழித்தாலும் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். அந்த வாள் உப்பு வண்டி ஓட்டுபவர் கையிலும் ஒளிரும். இதைத் தடுக்க நினைக்காதீர்கள், பயன்படுத்துங்கள். அரண்மனை வாளை ஏன் பூட்டியே வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

மந்திர அடையாளம் ரத்தத்தை நிரூபிக்கலாம், தகுதியை நிரூபிக்க விடாதீர்கள். வாளே தகுதியையும் சொல்லிவிட்டால் மற்ற பாத்திரங்களுக்கு முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. மேலும், வாள் ஒளிர்ந்ததை யார் பார்த்தார்கள்? நாயகரும் அவர் நண்பர்களும் மட்டும் பார்த்திருந்தால் அது நாட்டுக்கு வதந்திதான். எதிரித் தரப்பு மாலுமி ஒருவன் பார்த்தால் அது செய்தி.

பிறருக்குப் பயன்படும் அடையாளம் இன்னும் நன்றாக வேலை செய்யும். பிரெஞ்சு, ஆங்கில அரசர்கள் பல நூற்றாண்டுகள் கண்டமாலை நோயாளிகளைத் தொட்டு ஆசீர்வதித்தார்கள். இங்கிலாந்தில் கடைசியாக அதைச் செய்தவர் 1714இல் இறந்த ஆன் அரசி. நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், அரசர் களைத்துப்போகிறார், சிலருக்குக் குணமாகிறது, சிலருக்கு இல்லை. ஒரு முழு அத்தியாயத்துக்குத் தேவையான எல்லாம் அதிலேயே இருக்கிறது.

ஆளத் தெரிந்தவர் என்று காட்டுவது

'அரகார்னின் வரிக்கொள்கை என்ன?' என்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் மார்ட்டின் ஒரு பேட்டியில் கேட்டது பிரபலம். நியாயமான கேள்விதான். அதற்காக வரிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினால் வாசகர் தூங்கிவிடுவார். ஆட்சியைத் தீர்ப்பால் காட்டுங்கள்: இரண்டு பக்கமும் நியாயம் இருக்க, ஏதாவது ஒன்றை இழந்துதான் தீர்க்க முடியும் என்ற வழக்கு.

பொருள் தேடும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பங்கிடுவது என்று அரசின் வேலையை நான்காகச் சொல்கிறது குறள். தாளில் நான்கு கட்டம் போட்டு உங்கள் அரசர் செய்பவற்றை நிரப்பிப் பாருங்கள். பெரும்பாலான நாவல்களில் 'காப்பது' மட்டும் நிரம்பி வழியும், மற்ற மூன்றும் காலி. பங்கிடும் காட்சி ஒன்று வைத்தாலே அரசர் உயிர் பெறுவார். இப்படி:

*"கதிர் வெளிய வர இன்னும் எட்டு நாள்," என்றாள் கடைமடைக்காரி. "அதுக்குள்ள ஒரு தண்ணி வேணும். வேற எதுவும் கேக்கல."*

*தலைமடை ஊர்ப் பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. "எங்க பிள்ளைங்க நாப்பது பேர் உங்க கொடிக்குக் கீழ செத்தாங்க ஐயா. இவ ஊர் அப்ப யாருக்குச் சோறு போட்டுச்சுன்னு கேளுங்க."*

*அரசர் இருவரையும் விட்டு மடைக்காவலன் பக்கம் திரும்பினார். "ஏரியில் இன்று எத்தனை முழம்?"*

*"நாலு. சேறு ஒரு முழம் போனா மூணு."*

*"இரண்டு ஊருக்கும் போதுமா?"*

*"ஒரு ஊருக்குப் போதும். ரெண்டுக்கும்னா ரெண்டும் பாதிதான் வெளையும்."*

*"இன்று இரவு மடையைக் கடைமடைக்குத் திற. தலைமடைக்கு எத்தனை கலம் குறைகிறதோ அத்தனையும் இந்தப் போகத்து வரியில் கழியட்டும்." கணக்கரின் எழுத்தாணி ஓலைமேல் நின்றது. அவர் எழுதவில்லை.*

இதில் வேலை செய்வது எது? அரசர் உபதேசம் செய்யவில்லை, விவரம் தெரிந்த கடைநிலை ஆளிடம் ஓர் எண்ணைக் கேட்டார். தீர்ப்பின் செலவு கஜானா தலையில் விழுந்தது. தனக்காகச் செத்தவர்களின் ஊரைப் புண்படுத்தினார், அந்தப் பெரியவர் இதை மறக்கமாட்டார். இருபது அத்தியாயம் கழித்துத் தலைமடையிடம் மறுபடி ஆள் கேட்கும்போது நாற்பது பேர் வரக்கூடாது, பன்னிரண்டு பேர் வரவேண்டும். எழுதுபவர்கள் வழுக்கும் இடம் இதுதான். நல்ல தீர்ப்புக்கு எல்லோரும் கைதட்டிவிடுகிறார்கள்.

தண்டனைக்கும் இதே கணக்குதான். பெரெகாண்ட் என்ற காவல்வீரன் ஃபரமிரைக் காப்பாற்றக் காவலை விட்டு ஓடி, புனித இடத்தில் ரத்தம் சிந்துகிறான். அதற்குச் சட்டப்படி மரணம். அரகார்ன் உயிரை விட்டுவிடுகிறார், ஆனால் நகரக் காவலிலிருந்தும் நகரத்திலிருந்தும் அவனை வெளியேற்றுகிறார். வெளியேற்றிய கையோடு ஃபரமிரின் படைக்கே தலைவனாக்குகிறார். சட்டமும் நின்றது, விசுவாசத்துக்கும் மதிப்பு கிடைத்தது. வெறுமனே மன்னித்திருந்தால் அடுத்த வீரனும் காவலை விட்டு ஓடலாம்.

போர்க்காட்சியில் தலைமை தெரிவது கத்தி வீச்சில் அல்ல, சோற்றுக் கணக்கில். ஓர் ஆளுக்கு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ தானியம். பத்தாயிரம் பேருக்குப் பத்து டன். மாட்டுவண்டி அரை டன் இழுக்கும் என்றால் நாளொன்றுக்கு இருபது வண்டி, பதினைந்து நாள் பயணத்துக்கு முந்நூறு வண்டி, அறுநூறு மாடு. வண்டி நாளைக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் போகும், படையும் அதே வேகம்தான். மாட்டுக்குத் தீவனம் தனி. இப்போது அந்த அறுநூறு மாடும் உழவுக்காலத்தில் எடுக்கப்பட்டவை என்று வையுங்கள். அறுவடை முடியும்வரை காத்திருப்பதா, எதிரி கோட்டையைப் பிடித்துவிடும் முன் கிளம்பிவிட்டுப் பஞ்சத்தை ஏற்பதா? எப்பேர்ப்பட்ட மேடைப்பேச்சும் இந்தக் கேள்வி அளவுக்கு அரசரைக் காட்டாது.

அரசர் இல்லாமலும் ஊர் நடக்கும்

பட்டம் காலியாக இருந்த காலத்தில் நாடே இருண்டு கிடந்தது என்று எழுதுவது சோம்பேறித்தனம். வரி கட்டினார்கள், ஏரி தூர்வாரினார்கள், வழக்குப் பேசினார்கள். யார் நடத்தியது? உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) படித்தால் சபை ஒன்றை எவ்வளவு நுணுக்கமாகக் கட்டலாம் என்று தெரியும். முப்பது குடும்பு (இன்றைய வார்டு போல), பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கல். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. அது எல்லோருக்குமான தேர்தல் இல்லை, பிராமண ஊரின் நிலக்காரர்களுக்குள் நடந்தது. அந்தக் குறையோடேயே எடுத்துக்கொள்ளுங்கள், சபைக்குள் வர முடியாதவர்கள் புது அரசரிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வந்த அரசருக்கு முதல் எதிர்ப்பு இருள்பிரபுவிடமிருந்து வராது, நன்றாக நடந்துகொண்டிருந்த இப்படியொரு சபையிடமிருந்து வரும்.

திருத்தும்போது பார்க்க வேண்டிய சில்லறைப் பிழைகள்: 'எனக்கு அரியணை வேண்டாம்' என்று நாயகர் மூன்று முறைக்கு மேல் சொன்னால் அடக்கம் போய் எரிச்சல் வரும். வேண்டாம் என்றால் அதனால் யாராவது ஒருவர் கஷ்டப்பட வேண்டும். மாறுவேடத்தில் நகர்வலம் வேண்டவே வேண்டாம், அல்லது போன முதல் தெருவிலேயே அடையாளம் தெரிந்துவிடட்டும். 'மன்னர் மன்னா' என்று ஆளாளுக்கு அழைப்பதையும் குறையுங்கள். அரண்மனைக் கணக்கர் ஒருவிதமாக, கூடப் போரிட்டவர் ஒருவிதமாக, வளர்த்த ஆயா ஒருவிதமாக அழைக்க வேண்டும். ஆயா பட்டாபிஷேகத்துக்குப் பிறகும் பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று சபையில் முணுமுணுப்பு வந்தால் இன்னும் நல்லது.

முடிசூட்டோடு நாவலை நிறுத்தாதீர்கள். கடைசி எட்டில் ஒரு பங்காவது அதற்குப் பின் நடக்கட்டும். படைக்குச் சம்பளப் பாக்கி, கூட்டாளிக்குக் கொடுத்த வாக்கு, எதிர்த்தரப்பில் சண்டையிட்டவர்களின் நிலம் என்று மூன்று கடன் அந்த முதல் மாதத்திலேயே வாசலில் நிற்கும். போன ஆட்சி விட்டுப்போன வழக்கும் வரும். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பிரம்மாதிராயர் பட்டம் பெற்ற அதிகாரிகள். அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தை என்ன செய்வது என்று பேசும் உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொலைக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கிடக்கிறது. உங்கள் அரசரின் முதல் வாரத்திலும் இப்படியொரு பழைய ஓலைக்கட்டை மேசையில் வையுங்கள். அதை அவிழ்த்தால் யார் யார் பேர் வெளியே வரும் என்பதை, எழுத உட்காரும் முன்பே அந்த இரண்டு மனுக்களின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.